நூல் மாறினால் கணக்கும் மாறும்

மங்கலம்பேட்டை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், பிள்ளை பிறக்கப்போகிற வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதம் தாண்டியதும் யாராவது ஒரு பெரியம்மா பெட்டியைத் திறந்து பின்னல் ஊசியை வெளியே எடுத்துவிடுவார். ஒரு குல்லா, ஒரு ஜோடி காலுறை, முன்பக்கம் பித்தான் வைத்த ஒரு சின்னச் சட்டை. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் பழக்கிய கை. எத்தனை வருஷம் விட்டிருந்தாலும் நாலு வரிசை போட்டதும் திரும்பி வந்துவிடும்.

கை திரும்பினாலும் நூல் கிடைக்க வேண்டுமே. முன்பெல்லாம் ஒருவர் பின்னிய சட்டையை வாங்கி, கண்ணி எண்ணி, அதேபோல் இன்னொருவர் பின்னுவார். இன்று பேட்டர்ன் செல்போனில் வருகிறது. எழுதியவர் லண்டனிலோ சிகாகோவிலோ இருக்கிறார். அவர் பேர் சொல்கிற நூல் உளுந்தூர்பேட்டையிலும் இல்லை, விருத்தாசலத்திலும் இல்லை. கடையில் இருப்பது பிளாஸ்டிக் கவரில் போட்ட உல்லன் நூல், கிராம் கணக்கில் விலை.

பக்கத்து வீட்டு அத்தைக்கு வந்ததும் இதே சிக்கல்தான். மகளுக்கு டொராண்டோவில் ஜனவரியில் பிரசவம். பார்த்துக்கொள்ளக் கிளம்புவதற்குள் ஒரு சட்டை பின்னிவிட வேண்டும். டீயை ஆற்றிக்கொண்டே போனை நீட்டினார்.

"ஏம்மா, இதுல அம்பது கிராம் உருண்டை மூணுன்னு போட்டிருக்கு. அந்த நூல் இங்க இல்லையாம். வேற நூல்ல நூத்தம்பது கிராம் வாங்கிட்டாச் சரியாப் போயிடுமா?"

"போகாது அத்தை. கிராமை விடுங்க, மீட்டரைப் பாருங்க."

நூலை மாற்றுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். சட்டை ஆவது நூலின் நீளத்தால். ஒவ்வொரு கண்ணியும் இவ்வளவு நூலைக் குடிக்கும், இத்தனை ஆயிரம் கண்ணி சேர்ந்தால் ஒரு சட்டை. எடை, அந்த நீளத்தோடு கூட வருகிற சங்கதி. அதுவும் நூல் எதில் ஆனது என்பதைப் பொறுத்து மாறும். பருத்தியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். ஆட்டுக் கம்பளி 1.3. அக்ரிலிக் 1.17. ஒரே பருமனுள்ள மூன்று நூலில் நூறு நூறு கிராம் வாங்கினால் அக்ரிலிக் நீளமாக வரும், கம்பளி நடுவில் நிற்கும், பருத்தி சீக்கிரம் தீரும். கம்பளிக்கு எழுதிய பேட்டர்னுக்கு அதே எடை பருத்தி வாங்கியவர்கள் இரண்டாவது கையின் பாதியில் நூலில்லாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அத்தையின் பேட்டர்னில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 50 கிராமுக்கு 110 மீட்டர். மூன்று உருண்டைக்கு 330 மீட்டர். இந்த எண்ணைத்தான் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அமெரிக்கப் பேட்டர்னில் கஜத்தில் இருக்கும், 0.91 ஆல் பெருக்கினால் மீட்டர்.

நம் கடையில் கிடைக்கிற பல உருண்டைகளில் எடை மட்டும் இருக்கும், நீளம் இருக்காது. அதற்கு வழி கடைத்தெருவிலேயே இருக்கிறது. ஒரு சின்ன உருண்டை மட்டும் முதலில் வாங்குங்கள். பள்ளிக்கூட மீட்டர் ஸ்கேலை மேஜைமேல் வைத்து, நூலை இழுக்காமல், தளர விட்டு, பத்து மீட்டர் அளந்து வெட்டுங்கள். இழுத்துப் பிடித்தால் அக்ரிலிக்கும் கம்பளியும் நீளும், கணக்குத் தப்பும். வெட்டியதைச் சின்னதாகச் சுற்றி நகைக்கடைக்கோ அடகுக் கடைக்கோ எடுத்துப் போய், "அண்ணே, இதைக் கொஞ்சம் தராசுல வைங்க" என்று கேளுங்கள். மோதிரம் நிறுக்கிற தராசு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். வீட்டுச் சமையல் தராசுக்கு அந்த நுட்பம் கிடையாது.

அத்தை இரண்டு நூல் வாங்கி வந்தார். அக்ரிலிக் பத்து மீட்டர் 4.0 கிராம், அப்படியானால் கிராமுக்கு 2.5 மீட்டர். 330-ஐ 2.5 ஆல் வகுத்தால் 132 கிராம் போதும். பருத்தி பத்து மீட்டர் 5.2 கிராம், கிராமுக்கு 1.92 மீட்டர், 172 கிராம் வேண்டும். பேட்டர்ன் சொன்ன கம்பளிக்கு 150. ஒரே சட்டை, மூன்று எடை. அக்ரிலிக்கில் 150, பருத்தியில் 200 என்று வாங்குங்கள் என்றேன். கணக்கு சொல்வதற்கு மேல் ஒரு உருண்டை கூட இருக்கட்டும், அதுவும் ஒரே சாய லாட்டில். இரண்டு வாரம் கழித்துப் போனால் அதே ரோஸ் நிறம் அதே ரோஸாக இருக்காது. பகல் வெளிச்சத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு தெரியும்.

இந்த நீளக் கணக்கு நம் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. வடலூரை ஒட்டிய குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறவர்களைக் கேளுங்கள், "அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர்" என்றுதான் நூலைச் சொல்வார்கள். அந்த நம்பர் நீளத்தின் கணக்கு. 840 கஜம் ஒரு சிட்டா. ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டா நிற்கிறதோ அதுவே நம்பர். அறுபதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 50,400 கஜம். 46 கிலோமீட்டர் நூல். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். நம்பரை 1.69 ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். நெசவுக்காரர்கள் எடையை மட்டும் வைத்து நூல் பேசுவதில்லை. துணியின் நயத்தையும் அப்படித்தான் எண்ணினார்கள். 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கரையோரம் துணி வாங்கிய காலத்தில், புஞ்சம் என்ற கணக்கில், இத்தனை அகலத்துக்கு இத்தனை பாவு இழை என்று துணியைத் தரம் பிரித்தார்கள். பின்னலில் பத்து சென்டிமீட்டருக்கு இத்தனை கண்ணி என்று இன்று எழுதுகிறோமே, அதன் மூத்த உறவு அது.

நம்பர் தெரிந்தால் கைத்தறி நூலிலேயே பின்னலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கைலிக்கான அறுபதாம் நம்பர் இதற்கு ஆகாது, மயிரிழையாக இருக்கும். போர்வை நெய்கிற பருத்த நூல் வேண்டும். உதாரணமாக 2/20 என்றால் இருபதாம் நம்பர் இரண்டு புரி சேர்த்து முறுக்கியது. கணக்குக்குப் பத்தாம் நம்பர். கிராமுக்கு 16.9 மீட்டர். ஏழு இழையைச் சேர்த்துப் பிடித்தால் கிராமுக்கு 2.4 மீட்டர். அத்தையின் பேட்டர்ன் கேட்கிற பருமனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஏழையும் ஒன்றாக உருண்டை கட்டிக்கொண்டு பின்ன வேண்டும், ஊசி நுனி ஒரு இழையைக் குத்திப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கஞ்சி ஏறிய பாவு நூலை வாங்காதீர்கள். அது விறைப்பாக நிற்கும், துவைத்ததும் வேறு நூலாகிவிடும். ஊடைக்கு வைத்திருக்கும் நூலைக் கேளுங்கள்.

உருண்டையில் "4 பிளை" என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். பிளை என்பது எத்தனை புரியைச் சேர்த்து முறுக்கினார்கள் என்பது. நாலு சன்னப் புரியும் நாலு பிளைதான், நாலு தடிப் புரியும் நாலு பிளைதான். பிரிட்டிஷ் பேட்டர்னில் மட்டும் "4 பிளை" என்றால் குழந்தைக் காலுறைக்கு ஏற்ற ஒரு சன்னப் பருமன் என்று வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் "8 பிளை" என்பதைப் பிரிட்டனில் "டிகே" என்பார்கள். அமெரிக்கக்காரர்கள் 0 முதல் 7 வரை எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து சென்டிமீட்டரில் வரவேண்டிய கண்ணியைச் சொல்லிவிடுகிறார்கள்: 1 என்றால் 27 முதல் 32 வரை, 3 என்றால் 21 முதல் 24 வரை, 4 என்றால் 16 முதல் 20 வரை. உருண்டையில் எதுவுமே இல்லையென்றால், ஒரு பென்சிலில் நூலை நெருக்கிச் சுற்றி ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். தெரிந்த நூல் ஒன்றையும் பக்கத்தில் சுற்றி ஒப்பிட்டால் எது தடிப்பு என்று கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது ஊசி. இங்கே பலரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உலகமெங்கும் பின்னுகிறவர்கள் கையில் இருக்கிற "போனி" ஊசி நம் நீலகிரியில், கேத்தியில் செய்யப்படுகிறது. நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த நிறுவனம் 1949-இல் தொடங்கியது, இங்கிலாந்தின் ஸ்டட்லியில் இருந்த ஊசிக் கம்பெனியின் துணை நிறுவனமாக. இங்கிலாந்து வழி வந்ததால் நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்றும் புழங்குகிறது. கம்பிக்கான நம்பர் போலத்தான் அதுவும்: நம்பர் ஏறினால் ஊசி சன்னம். 14 என்றால் 2 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 8 என்றால் 4, 6 என்றால் 5. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் எதிர், ஏற ஏறத் தடிப்பு. அங்கே 6 என்றால் 4 மில்லிமீட்டர், 8 என்றால் 5.

அத்தையின் பேட்டர்ன் அமெரிக்கக் கணக்கில் 6 கேட்டது. கடையில் "ஆறாம் நம்பர் ஊசி" என்று கேட்டிருந்தால் 5 மில்லிமீட்டர் ஊசி வந்திருக்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பதில் அதன் அண்ணனுக்கு ஆகிற சட்டை வந்திருக்கும். வேண்டியது எட்டாம் நம்பர். நம்பரை மறந்து மில்லிமீட்டரைக் கேளுங்கள். பாக்கெட் தொலைந்த பழைய ஊசியாக இருந்தால், ஒரு காகிதத்தை ஊசியில் சரியாக ஒரு சுற்று சுற்றிக் குறிபோட்டு, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்தால் பருமன் வந்துவிடும்.

நூலும் ஊசியும் வந்தாயிற்று. இப்போது எல்லாருக்கும் சட்டையை ஆரம்பித்துவிடத்தான் கை துடிக்கும். ஒருநாள் பொறுங்கள். மாதிரித் துண்டு ஒன்று பின்னாமல் முன்னே போகக் கூடாது. முப்பது கண்ணி போட்டு, பேட்டர்ன் சொல்கிற பின்னலிலேயே பதினைந்து சென்டிமீட்டர் உயரம் வரை பின்னி முடியுங்கள். பிறகு சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, விரித்துக் காயவையுங்கள். காய்ந்த பிறகு, ஓரத்தை விட்டு நடுவில் பத்து சென்டிமீட்டருக்கு ஊசி குத்திக் குறித்து, கண்ணியை எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் விடாமல் எண்ணுங்கள். துவைக்காத துண்டை அளப்பதில் பிரயோசனமில்லை. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், கம்பளி பூத்து விரியும். கரும்பச்சை, சிவப்புப் பருத்தியாக இருந்தால் ஈரத்துணியில் வெள்ளைக் கைக்குட்டையை ஒற்றிப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அத்தையின் பேட்டர்ன் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி கேட்டது. அத்தைக்கு 20 வந்தது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். சட்டையின் சுற்றளவுக்குப் பேட்டர்னில் 106 கண்ணி. 22 வீதம் என்றால் 48 சென்டிமீட்டர். 20 வீதம் என்றால் 53. ஒரு கைக்குழந்தைக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது ஒரு முழு அளவு வித்தியாசம்.

இதற்கு முதல் வைத்தியம் ஊசியைக் குறைப்பது. எட்டாம் நம்பரிலிருந்து ஒன்பதுக்கு, அதாவது 4 மில்லிமீட்டரிலிருந்து 3.75-க்கு இறங்கி இன்னொரு துண்டு. பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆனால் ஊசியைக் குறைத்துக்கொண்டே போனால் துணி அட்டைபோல் விறைக்கும். துண்டைக் கையில் கசக்கிப் பாருங்கள்; குழந்தையின் கழுத்தில் படுமே என்று நினைத்துப் பாருங்கள். விறைத்தால் அந்த நூல் அந்தக் கண்ணிக்குச் சம்மதிக்கவில்லை என்று அர்த்தம். எண்ணுக்காகத் துணியைக் கெடுக்கக் கூடாது. இந்த இடத்தில் நான் எப்போதும் துணியின் பக்கம்.

அப்படியானால் கண்ணியை மாற்றுங்கள். 48 சென்டிமீட்டர் வேண்டும், சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி, ஆக 96. முழுப் பேட்டர்னையும் உட்கார்ந்து திருத்தி எழுதத் தேவையில்லை. பேட்டர்னில் பிறந்த குழந்தை, ஆறு மாதம், ஒரு வயது என்று அடைப்புக்குறிக்குள் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். அவற்றில் 96-க்குப் பக்கத்தில் எந்த அளவு வருகிறதோ அதன் கண்ணி எண்ணிக்கையைப் பின்பற்றுங்கள். நீளத்துக்கு மட்டும் உங்களுக்கு வேண்டிய அளவின் சென்டிமீட்டரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அத்தை செய்தது இதுதான். சின்ன அளவின் கண்ணி, பெரிய அளவின் நீளம். சரியாக உட்கார்ந்தது.

கண்ணி மாறினால் நூலின் தேவையும் மாறும். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது, மெதுவாகக் கேளுங்கள். நூல் தடித்தால் அதே சட்டைக்கு மீட்டர் குறையும், கிராம் கூடும். கண்ணி பெரிதாகிறது, ஒவ்வொரு கண்ணியும் கூட நூல் குடிக்கிறது. ஆனால் அகலத்திலும் குறைவு, உயரத்திலும் குறைவு என்று கண்ணியின் மொத்த எண்ணிக்கை அதைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. அதனால் மொத்த நீளம் கண்ணி வீதத்தோடு சேர்ந்து இறங்கும். 22-க்கு 330 மீட்டர் என்றால், 20-க்கு 330-ஐ 20 ஆல் பெருக்கி 22 ஆல் வகுக்க, 300 மீட்டர். நூலோ தடித்தது, மீட்டருக்கு எடை கூடுதல். ஆகவே தராசில் பார்த்தால் சட்டை கனமாகவே இருக்கும்.

டி. எல். மன்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1959-இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார்: சாதாரணப் பின்னல் துணியில் சதுர அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதை ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூலின் நீளமே தீர்மானிக்கிறது என்று. திருப்பூரில் பனியன் துணி ஓட்டுகிறவர்கள் தினமும் பிடித்துக்கொண்டு தொங்குவது இந்தச் சூத்திரத்தைத்தான். முப்பதாம் நம்பர் நூலுக்கு லூப் லென்த், அதாவது ஒரு கண்ணிக்கான நூல், இவ்வளவு வைத்தால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கான கிராம், இவ்வளவு வரும் என்று மெஷினில் திருகிக்கொண்டே சொல்வார்கள். நூல் நம்பரை மாற்றினால் லூப் லென்த்தையும் மாற்றாமல் விடமாட்டார்கள். அங்கே மெஷின் செய்வதை இங்கே நம் விரலின் இறுக்கம் செய்கிறது.

பருமனும் நீளமும் பொருந்திவிட்டால் எந்த நூலும் எந்த நூலுக்கும் மாற்று ஆகிவிடுமா? ஆகாது. கம்பளி மயிரில் இயற்கையாகவே சுருள் உண்டு. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். மணிக்கட்டு, இடுப்பில் வருகிற ரிப் பின்னல் அந்தக் குணத்தை நம்பித்தான் இருக்கிறது. பருத்திக்கு அந்தத் துள்ளல் இல்லை; ரிப் ஒருமுறை விரிந்தால் விரிந்ததுதான். அதனால் பருத்தியில் பின்னும்போது ரிப்புக்கு இரண்டு நம்பர் சன்ன ஊசி எடுங்கள், அல்லது பத்தில் ஒரு பங்கு கண்ணியைக் குறைத்துப் போடுங்கள். பருத்திச் சட்டை தன் கனத்திலேயே கீழே தொங்கி நீளும். இதை முன்கூட்டியே பார்க்க, மாதிரித் துண்டை இரண்டு கிளிப் போட்டுக் கொடியில் ஓர் இரவு தொங்கவிட்டு, காலையில் வரிசையை மறுபடி அளக்கலாம். பேட்டர்னில் ஜடைபோல் முறுக்கி வரும் கேபிள் பின்னல் இருந்தால் பருத்தியில் அது எடுப்பாக, கல்லில் செதுக்கியதுபோல் தெரியும். ஆனால் கேபிளுக்கு நூல் கூடச் செலவாகும், கால் பங்கு அதிகம் வாங்கி வையுங்கள்.

மூங்கில் நூல் என்று பளபளப்பாக ஒன்று விற்கிறார்கள். தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். அது பெரும்பாலும் விஸ்கோஸ். நனைந்தால் வலு குறையும், கனம் கூடித் தொய்யும். சால்வைக்கு நல்லது, உடம்போடு ஒட்ட வேண்டிய சட்டைக்கு வேண்டாம். அக்ரிலிக் விலை குறைவு, துவைப்பது சுலபம், நிறமும் நிற்கும். ஆனால் சூடான அயர்ன் பாக்ஸ் பட்டால் இழை தளர்ந்து துணி உயிரில்லாமல் தொங்கிவிடும், பழைய நிலைக்கு வராது. நெருப்புப் பட்டால் உருகி ஒட்டும்.

டொராண்டோ ஜனவரிக்கு எது என்று அத்தை கேட்டதற்கு என் பதில் கம்பளி. மெஷினில் போட்டாலும் சுருங்காதபடி பக்குவம் செய்த சூப்பர்வாஷ் கம்பளி. அதை அங்கே போய் வாங்கலாம். ஊசியையும் திருத்திய கண்ணிக் கணக்கையும் இங்கிருந்து கொண்டுபோனால் போதும், அந்த நூலில் ஒரு துண்டு மட்டும் புதிதாகப் பின்னிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய அக்ரிலிக்கில் இங்கேயே ஒரு சட்டை முடித்தார், பழகிக்கொள்ளவும் ஆயிற்று. பருத்தியை இந்த ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நம் மார்கழிப் பனிக்குப் பருத்திதான் இதம். விடிகாலையில் போட்டதை எட்டு மணிக்குக் கழற்றாமல் விட்டாலும் பிள்ளைக்கு வேர்க்குரு வராது.

சட்டையின் அளவை வைத்துக் கண்ணியை மாற்றினோமே, அப்படி அளவு முதலில், எண்ணிக்கை பிறகு என்பதற்கு நம்மிடமே ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் இடம் பிடித்தது. பல ஊர்களில், பல நாடுகளில் இருந்த பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்று சேர்த்தது அது. ஊருக்கு ஊர் கிடைக்கிற நூல் வேறு, ஆளுக்கு ஆள் கை இறுக்கம் வேறு. இத்தனை கண்ணி போடு என்று எல்லாருக்கும் ஒரே எண் கொடுத்திருந்தால் ஒரு துண்டும் இன்னொன்றோடு பொருந்தியிருக்காது. துண்டின் நீள அகலத்தை நிலைநிறுத்திவிட்டால், கண்ணியை அவரவர் நூலுக்கு ஏற்ப அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

பெரிய அளவுக்கு மாற்றும்போது நூல் எவ்வளவு கூடும் என்றும் பலர் கேட்கிறார்கள். மார்பளவை மட்டும் பார்த்துக் கூட்டினால் பற்றாது, ஏனென்றால் நீளமும் சேர்ந்து கூடுகிறது. 32 அங்குலம் மார்பு, 20 அங்குலம் நீளத்துக்கு 900 மீட்டர் என்றால், 36 மார்பு, 22 நீளத்துக்கு? 36-ஐ 32 ஆல் வகுத்தால் 1.125, 22-ஐ 20 ஆல் வகுத்தால் 1.1; இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.24. சுமார் 1,115 மீட்டர் வேண்டும்.

நூலின் அளவே எழுதாத பேட்டர்னும் உண்டு. பாட்டி காலத்துப் புத்தகத்தில் "ஆறு அவுன்ஸ்" என்று மட்டும் போட்டு, இன்று இல்லாத ஒரு கம்பெனி பெயரைச் சொல்லியிருக்கும். ஓர் அவுன்ஸ் 28.35 கிராம், ஆறுக்கு 170. பிரிட்டிஷ் 4 பிளைக் கம்பளி நூறு கிராமுக்கு ஏறத்தாழ 400 மீட்டர் ஓடும், ஆக 680 மீட்டர் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் மாதிரித் துண்டை நம்புங்கள். பதினைந்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் துண்டு 225 சதுர சென்டிமீட்டர். அதை மறுபடி அதே நகைக்கடைத் தராசில் வையுங்கள். 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்பக்கம் 30 அகலம் 36 நீளம், பின்பக்கமும் அதே, இரண்டும் 2,160. கை சராசரி 22 அகலம் 28 நீளம், இரண்டுக்கும் 1,232. மொத்தம் 3,392 சதுர சென்டிமீட்டர். அதில் பதினைந்து துண்டு அடங்கும், பதினைந்து ஏழு 105 கிராம். கழுத்து, ஓரம், மூட்டுத் தையல் என்று பதினைந்து கிராம் சேர்த்தால் 120. பின்னி முடித்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

இவ்வளவும் செய்து நூல் குறைந்தால் பதற வேண்டாம். கடைசி உருண்டை பாதி ஆனதும் ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் ஒரு வரிசை எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். மீதி எத்தனை வரிசை என்று அப்போதே கணக்குப் போடலாம். கண்ணியை அடைத்து முடிக்க, துணியின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நூல் கட்டாயம் மீதி வேண்டும், நாலு மடங்கு வைத்தால் நிம்மதி. அதே நிறத்தில் வேறு லாட் நூல்தான் கிடைக்கிறது என்றால், திடீரென்று மாற்றாமல், பழையதில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று கொஞ்ச தூரம் மாற்றி மாற்றிப் பின்னுங்கள்; கோடு விழாது. சந்தேகம் முதலிலேயே இருந்தால் உடம்புக்கு முன் கைகளை முடித்துவிடுங்கள். உடம்பை ஒரு விரல்கடை குறைத்தாலும் யாருக்கும் தெரியாது, இரண்டு கையும் சமமாக இல்லாவிட்டால் தெரியும். ஓரத்தையும் கழுத்தையும் பித்தான் பட்டியையும் வேறு நிறத்தில் போட்டுவிட்டால் ஒரு சின்ன உருண்டை மிச்சமாகும். அப்படியும் முழங்கையோடு நூல் தீர்ந்துவிட்டதா? அங்கேயே நாலு வரிசை ரிப் போட்டு அடைத்துவிடுங்கள். நம் பக்கத்துப் பனிக்கு அரைக்கை தாராளமாகப் போதும்.